நாலு ரிம்மும் ஒரு ஸ்பேரும்

குறை கண்டுபிடிப்பது என் தொழில். ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்புக் கூடையிலும் இல்லாவிட்டால் நீலக் கூடையிலும் போடுவேன். வருஷக்கணக்காக இதையே செய்து செய்து, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கண் சும்மா இருப்பதில்லை. முகுந்தனைக் கட்டிக்கொண்ட முதல் வாரமே அவரிடம் இரண்டு குறைகளைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒன்று, கோபம் வந்தால் எதிரில் நிற்பது யார் என்று பார்க்காமல் வாயைத் திறந்துவிடுவார். இன்னொன்று, அவருடைய கார்.

தொண்ணூற்றாறாம் வருஷத்து வீரா. இளந்தாரியாக இருந்தபோதே யாரிடமோ பழைய காராக வாங்கியது. ஈஜோக்கில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற அந்தக் கார் ஒரு நாள் காலையில் இருமினால், அன்று அவர் வேலைக்கு லீவு போட்டுவிடுவார். நான் இருமினால் "தண்ணி குடி" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியாகிவிட்டது, நானும் சரி, அந்தக் காரும் சரி.

அந்தக் கார் வீட்டுக்கு வந்த அன்று அதன் நாலு சக்கரங்களுக்கும் சந்தனப் பொட்டு வைத்தவள் நித்தியா, இவருடைய ஒரே தங்கை. அப்போது அவள் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாளாம். இவர்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம். மோட்டார் சைக்கிளோ தொலைக்காட்சியோ தையல் மெஷினோ, எது புதிதாக வீட்டுக்கு வந்தாலும் அந்த வீட்டில் பிறந்த பெண்தான் முதல் பொட்டு வைக்க வேண்டும். வந்த மருமகள் வைக்கக்கூடாது. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. ஆனாலும் நித்தியா பொட்டு வைக்கிற அழகைப் பார்த்தால் அந்த எரிச்சல் நிற்காது. நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஏதோ பரீட்சை எழுதுவதுபோல வைப்பாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை என் காரில்தான் போக வேண்டும் என்று இவர் நிச்சயதார்த்தத்திலேயே சொல்லிவிட்டார். அதற்காகவே காருக்கு முழுப் பெயிண்ட் அடித்தார். கோலசிலாங்கூரில் மண்டபம். தாலி கட்டி முடிந்து, மாலையும் கழுத்துமாக நித்தியாவும் மாப்பிள்ளை குமணனும் வாசலுக்கு வருகிறார்கள். அலங்காரம் செய்ய வந்தவன் பூச்சரத்தை பானெட்டில் வைத்து, செலோட்டேப்பை நீளமாக இழுத்து ஒட்டினான்.

"டேய்! டேப்ப எடுடா! பெயிண்ட் உரிஞ்சி வந்துரும்!"

இவர் போட்ட சத்தத்தில் மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். குமணனின் அப்பா நல்ல மனிதர், "விடுங்க தம்பி, பூதானே" என்றார். "ஒங்க காடியா? என் காடி!" என்று இவர் அவரையும் பிடித்து ஓர் அதட்டு அதட்டினார்.

குமணன் நித்தியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கே நின்ற தன் சித்தப்பாவின் பள்ளிக்கூட வேனில் ஏறிவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற மஞ்சள் வேன். பட்டுச்சேலையும் ஜடையலங்காரமுமாக நித்தியா அதில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தன் அண்ணனைப் பார்த்துக்கொண்டே போனாள். கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் அந்த வேன்தான் இருக்கிறது.

தங்கைக்காக அடித்த பெயிண்ட்டுக்காகத் தங்கையைத் தொலைத்தவர் உலகத்தில் என் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அதோடு போக்குவரத்து நின்றது. நித்தியா வாழப்போன புஞ்சாக் ஆலாம் ஒன்றும் தூரதேசம் இல்லை, எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. குமணன் மன்னிக்கவில்லை, இவருக்கோ போய் நிற்க முகம் இல்லை. நித்தியாவுக்குக் குழந்தை பிறந்தபோது மருத்துவமனையில் கார் நிறுத்துகிற இடம் வரைக்கும் போய், உள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தாஷினி என்கிற அந்தக் குழந்தையின் படத்தை நித்தியாவின் வாட்சாப் ஸ்டேட்டஸில் பார்ப்பதற்காக அடிக்கடி என் போனைக் கேட்டு வாங்குவார். அவருடைய நம்பரைக் குமணன் சொல்லி நித்தியா தடுத்து வைத்திருந்தாள். இந்த ஐந்து வருஷமாக எங்கள் வீட்டில் எதற்கும் பொட்டு கிடையாது. புதிதாக வாங்கிய துணி துவைக்கிற மெஷின்கூட நெற்றி காலியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் நித்தியா எனக்கு போன் செய்தாள்.

"அண்ணி, தாஷினிக்கு மூனு வயசாவுது. காது குத்தணும். தாய்மாமன் மடியிலதானே ஒக்கார வெக்கணும். அண்ணன வரச் சொல்றீங்களா?"

"வராம? பறந்துகிட்டு வருவாரு" என்றேன்.

"ஆனா ஒன்னு அண்ணி. இவரு கண்டிசன் போட்டுட்டாரு. அன்னிக்கு அண்ணன் வாயிலேர்ந்து காடியப் பத்தி ஒரு வார்த்த வரக்கூடாதாம். வந்துச்சுன்னா எங்க சித்தி மவன் யுவனேஸ்வரன் மடியில பிள்ளைய ஒக்கார வெச்சிருவாராம். அவனயும் வரச் சொல்லிட்டாரு. நா எவ்ளோ கெஞ்சியும் அதுக்கு மேல எறங்கி வரமாட்டேங்கிறாரு. அண்ணனுக்குத் தங்கச்சிய விட பெயிண்ட்டுதான் பெருசுன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறாரு அண்ணி."

அன்று சாயங்காலம் இவர் வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். காலணியைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பேசமாட்டேன்" என்றார்.

"சத்தியமா?"

"காடி மேல சத்தியமா."

"அதப் பத்தித்தான் பேசக்கூடாதாம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

இத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மறுநாள் காலையில் வாசலில் குந்தி உட்கார்ந்து காரின் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரோடு கம்பெனியிலிருந்தே வந்த அலாய் ரிம்கள். ஓரமெல்லாம் ரோட்டுத் திண்டில் உரசித் தேய்ந்து, நடுவில் தேமல் விழுந்த முதுகுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தன.

"தாய்மாமன்னு போயி நிக்கப் போறேன். இப்புடியா போறது?"

"புதுசா ஸ்போர்ட் ரிம் வாங்கிப் போடுங்களேன்."

"கம்பெனி ரிம்மக் கழட்டிட்டா அப்புறம் அது என்னா வீரா?" என்றார், நான் ஏதோ தாலியைக் கழற்றச் சொன்னதுபோல. "இதையே மாத்துறேன் பாரு. ஓரத்த சொரண்டி கண்ணாடி மாதிரி பாலிஷ். உள்ள மட்டும் பால் வெள்ள."

"வெள்ளையா? இந்தச் செம்மண்ணுலயா? செம்பனைக் குலை ஏத்துற லோரி போற பாதையிலயா? யாரு கழுவுறது?"

"நான்தான்."

"ஒங்க சட்டைய ஒரு நாளாச்சும் கழுவியிருக்கீங்களா?"

அவர் எழுந்து சிமெண்ட் கல் தேடப் போனார்.

மறுநாளிலிருந்து காரை சிமெண்ட் கல்லில் ஏற்றி வைத்துவிட்டு வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போனார். சாயங்காலம் வந்தால் நேரே வாசலில் உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு ரிம்மாகத் துலக்கி, உரசல் விழுந்த பள்ளங்களில் புட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் சேண்ட்பேப்பரால் தேய்த்தார். முதலில் முரட்டுத் தாள், அப்புறம் மெல்லிசு, கடைசியில் தண்ணீர் விட்டு இன்னும் மெல்லிசு. ஓரத்துப் பாலிஷுக்கு மட்டும் டயர் கடை முதலாளி தவுக்கேயிடம் கொண்டுபோனார். அந்தச் சீனர் மெஷினில் கொடுத்து ஓரத்தைப் பளபளவென்று எடுத்துக் கொடுத்ததோடு, வெள்ளைக்கு மேல் பளபளப்புக்காகக் கிளியர் பூச்சு அடித்தபிறகு ஒரு வாரத்துக்கு யாரும் விரல்கூட வைக்கக்கூடாது, தண்ணீரும் படக்கூடாது என்று மலாயில் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஸ்ப்ரே அடிக்கும்போது டயரில் படாமல் இருக்க, டயருக்கும் ரிம்முக்கும் நடுவே சுற்றிலும் தடித்த அட்டைகளைச் செருக வேண்டும். சீட்டுக்கட்டு இருக்கிறதா என்று கேட்டார். இந்த வீட்டில் சீட்டுக்கு எங்கே போவது? அலமாரி மேலே ஏறித் தேடி, ஒரு கட்டு எடுத்துக்கொண்டு வந்தார். நித்தியாவின் கல்யாணப் பத்திரிகைகள், கொடுத்தது போக மீந்தவை. ஒவ்வொன்றாகச் செருகினார். அவள் பெயர் அச்சடித்த பக்கம் டயரைப் பார்க்கும்படி திருப்பித் திருப்பி வைத்தார். பெயரில் பெயிண்ட் படக்கூடாது என்று நினைத்திருப்பார்போல.

நடுவில் மழை பிடித்துக்கொண்டது. காலையில் வெயில், பிற்பகலில் இடி, சாயங்காலம் சொட்டச் சொட்ட ஈரம். அடித்த வெள்ளையில் பொரிப் பொரியாக எழும்பியதென்று ஒரு தடவை எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் காரின் பின்பெட்டியான பூட்டைத் திறந்து ஸ்பேர் சக்கரத்தை வெளியே உருட்டினார்.

"அது உள்ளுக்குள்ள கெடக்குறது. அத யாரு பாக்கப் போறா?"

"கம்பெனி குடுத்தது அஞ்சு ரிம், பிரேமா. அஞ்சும் ஒரே செட்டு. ஒன்ன மட்டும் விட்டுட்டா அப்புறம் அது செட்டே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை காது குத்து. இவர் கடைசிக் கிளியர் அடித்து முடித்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, என் தொழில் புத்தி சும்மா இருக்காமல் பின்சக்கரத்தின் உள்பக்கம் யாருக்கும் தெரியாத இடத்தில் நகத்தால் லேசாக அழுத்திப் பார்த்தேன். பிறை மாதிரி பதிந்துவிட்டது.

"கிளியர் காயலங்க."

"எப்புடித் தெரியும்? தொட்டியா?"

"பாத்தாலே தெரியுது" என்று புளுகினேன்.

"காத்து பட்டா காஞ்சிரும். யாரும் தொடாம இருந்தா போதும். காது குத்துற எடத்துல ரிம்ம யாரு வந்து தொடப் போறா?"

அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

கோலசிலாங்கூர் போகிற பாதையில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது அந்த மாரியம்மன் கோயில். நாங்கள் போனபோது இரண்டு கார்களும் அந்த மஞ்சள் வேனும் நின்றிருந்தன. வேனைப் பார்த்ததும் இவர் முகம் சுருங்கியது. வெள்ளை ரிம்கள் காலை வெயிலில் ஜொலித்தன. உள்ளதைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தன. நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நித்தியா ஓடி வந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள். அண்ணனுக்கு முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது.

"வாண்ணா."

"ம்."

"எளச்சிட்ட."

"ம்."

அவ்வளவுதான் ஐந்து வருஷத்துப் பேச்சு. அவள் சேலைக்குப் பின்னாலிருந்து தாஷினி எட்டிப் பார்த்தது. மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசியிருந்தார்கள். இவர் அப்படியே குந்தி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து சின்னத் தோடு வைத்த பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். குழந்தை பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடிவிட்டது. அதைப் பார்த்து இவர் சிரித்தார். இவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

குமணன் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். "வாங்க" என்று தலையை மட்டும் ஆட்டினார். கண் மட்டும் இவர் வாயை விட்டு நகரவில்லை. அவருக்குப் பக்கத்தில் யுவனேஸ்வரன், புது வேட்டியும் விபூதியுமாக, கூப்பிட்டால் உட்காரத் தயாராக நின்றான்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பத்தர் ஊசியை எடுத்து வைத்துவிட்டார், பூசாரி நல்ல நேரம் போகிறது என்று குரல் கொடுத்தார். அப்போதுதான் நித்தியா காரைப் பார்த்தாள்.

"ரிம்மு புதுசாண்ணா?"

இவர் வாயைத் திறந்தார். மூடினார். காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. என்னைப் பார்த்தார். தலையை மேலும் கீழுமாக ஆட்டி, உடனே பக்கவாட்டில் ஆட்டினார்.

"புதுசுதான். எப்புடி மின்னுது பாருங்க! அப்ப பொட்டு வெக்கணுமே." அவள் தாம்பாளத்திலிருந்து சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டாள். மஞ்சள் கலந்து குழைத்த சந்தனம், ஈரமாக. கணவரிடம் திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். "நாந்தாங்க வெக்கணும். அந்த வீட்டுப் பொண்ணு நாந்தான்."

ஐந்து வருஷம் அவள் மனதில் வைத்துக்கொண்டிருந்த வார்த்தை அது. அதே நேரத்தில் என் கண்ணுக்குள் அந்தப் பிறை நகக்குறி தெரிந்தது. சொல்லிவிடலாமா? எங்கள் பக்கத்திலிருந்து யார் வாயில் காரைப் பற்றி வந்தாலும் அது அவர் பேசியதாகத்தான் ஆகும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நித்தியா முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டாள். மூன்று விரலால் சந்தனத்தைத் தொட்டு, பால் வெள்ளையின் நட்டநடுவில் நன்றாக அழுத்தி வைத்தாள். அதன்மேல் குங்குமம்.

இவர் கழுத்து நரம்பு புடைத்தது. மண்டப வாசலில் திறந்த மாதிரியே வாய் பாதி திறந்தது. குமணன் கட்டிய கையை அவிழ்த்தார். நான் மாரியம்மாவை மனதுக்குள் கூப்பிட்டேன். இவர் அந்த வாயை அப்படியே மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு, திரும்பி, விறுவிறுவென்று கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டார்.

நித்தியா இதைக் கவனிக்காமல் அடுத்த சக்கரத்துக்குப் போய், அதை முடித்து மூன்றாவதற்கும் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அண்ணன் எங்க?"

"பாத்தியா?" என்றார் குமணன். "நீ ஆசையா பொட்டு வெக்கிற, ஒங்க அண்ணன் மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போறாரு. அஞ்சு வருசம் இல்ல, அம்பது வருசம் ஆனாலும் அந்த ஆளு மாறமாட்டாரு. யுவனேஸ்வரா, வந்து ஒக்காரு. நேரமாவுது."

யுவனேஸ்வரன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மணையைப் பார்த்து நடந்தான். நித்தியா கிண்ணத்தோடு அண்ணனைத் தேடிச் சுற்றிலும் பார்த்தாள். அந்த முகம், வேன் ஜன்னலில் பார்த்த அதே முகம்.

எனக்கு வந்ததே கோபம். நான் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க! அந்தப் பெயிண்ட் காயல! வெள்ளிக்கெழம அடிச்சது. ஒரு வாரத்துக்கு வெரல் படக்கூடாதுன்னு தவுக்கே சொல்லி அனுப்புனாரு. இவ வெச்சா, எல்லாம் பாழாப் போவும்னு தெரிஞ்சும் அவரு வாயத் தொறக்கல. காடியப் பத்திப் பேசக்கூடாதுன்னு சொன்னது நீங்கதானே? நின்னா எங்க கத்திருவோமோன்னு அந்தப் பக்கம் போயிட்டாரு. வேற எப்புடி லா பேசாம இருக்குறது? நாக்க அறுத்துக்கவா சொல்றீங்க?"

குமணன் என்னைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். யுவனேஸ்வரன் மணைக்குப் பக்கத்தில் நின்றபடி, உட்காருவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தான்.

"காயலையா? ஐயோ அண்ணி!" நித்தியா பதறிப்போய் முன்சக்கரத்துக்கு ஓடி, சேலைத் தலைப்பால் சந்தனத்தைத் துடைத்தாள். அதுதான் அவள் செய்திருக்கக்கூடாத காரியம். மஞ்சள் வெள்ளையில் இழுபட்டு, கிளியர் சுருங்கி, ஒரு சரிகை நூல்கூட ஒட்டிக்கொண்டது. துடைக்கத் துடைக்க மோசமானது. என் கூடைக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பில் போட்டுவிடுவேன், அப்படி.

அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது இவர் திரும்பி வந்தார். முகத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்கு முன்னால் நின்றார். நித்தியா எழுந்து, சேலைத் தலைப்பைக் கையில் பிடித்தபடி அழ ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியாதுண்ணா. நெசமா தெரியாதுண்ணா."

இவர் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு சக்கரமாக மெதுவாக நடந்து பார்த்தார். முன்னால் இழுபட்ட மஞ்சள், அடுத்த இரண்டில் மூன்று விரல் பதிந்த பொட்டு. நாலாவது மட்டும் பால் வெள்ளையாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது. அங்கே நின்றுவிட்டார். இதையாவது காப்பாற்றியாயிற்று என்று நினைக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"இது?" என்றார்.

"வெக்கலண்ணா."

"ஏன் வெக்கல?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"நாலும் ஒன்னா இருக்கணும்லா" என்றார் இவர். குரல் உடைந்தது. "மூனுக்கு வெச்சிட்டு ஒன்ன விட்டா எப்புடி? வை."

நித்தியா உட்கார்ந்தாள். கண்ணீர் மறைத்ததால் பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது. அவள் நிமிர்வதற்குள் இவர் பின்பக்கம் போய் பூட்டைத் திறந்தார். கீழே இருக்கிற பலகையைத் தூக்க வரவில்லை. குமணன்தான் வந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். உள்ளே ஐந்தாவது சக்கரம் வெள்ளையாகப் படுத்திருந்தது.

"ஸ்பேருக்குமா மச்சான் அடிச்சீங்க?" என்றார் குமணன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு மச்சான் என்ற சொல் அவர் வாயில் வந்தது. வந்தது அவருக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

இவர் என்னைப் பார்த்தார். "இப்பப் பேசலாமா?"

"பேசுங்க மச்சான்" என்று குமணனே சொன்னார்.

"அஞ்சும் ஒரே செட்டு மாப்ள."

குமணன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நித்தியா அழுதுகொண்டே சிரித்தாள். பூட்டுக்குள் குனிந்து ஐந்தாவதற்கும் வைத்தாள்.

காது குத்தியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இவர் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாஷினியை மடியில் வைத்துக்கொண்டார். பத்தர் முதல் காதைக் குத்தியதும் குழந்தை கோயிலே அதிரும்படி கத்தி, மாமன் கன்னத்தில் ஓர் அறை விட்டது. இரண்டாவதற்கு இன்னொரு அறை. இவர் அசையவில்லை. குழந்தையைவிட அதிகமாக அழுதது அவர்தான். யுவனேஸ்வரன் நல்ல பையன், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நின்றான்.

சாப்பாடு எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், துணி துவைக்கிற மெஷினுக்கும் ஒரு பொட்டு வைக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். "நா அண்ணன் காடியில வரேன்" என்றாள் நித்தியா. கேட்கவில்லை, சொன்னாள். குமணன் தன் கார்ச் சாவியை யுவனேஸ்வரனிடம் கொடுத்தார். அப்புறம் பூசாரி போட்ட மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வீராவின் பானெட்டைப் பார்த்தபடி நின்றார்.

"இத முன்னால கட்டலாமா மச்சான்?"

கட்டுவதற்கு அந்தக் காரில் முன்பக்கம் ஒரு கம்பிகூடக் கிடையாது. அது குமணனுக்கும் தெரியும். இவர் டேஷ்போர்டைத் திறந்து, பெயிண்ட் அடித்தபோது ரிம்மின் ஓரத்துக்குச் சுற்றியதில் மீந்த காகித டேப்பை எடுத்துக் கொடுத்தார். உரித்தால் பெயிண்ட்டை இழுக்காத டேப். குமணன் கிழித்து ஒட்டினார். ஈர மாலையின் கனத்துக்கு அது நிற்கவில்லை, இரண்டு தடவை வழுக்கி விழுந்தது.

"பரவால்ல மச்சான், விடுங்க. உள்ள வெச்சிக்கலாம்" என்றார் குமணன்.

இவர் கோயில் அலுவலகத்துக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் செலோட்டேப் இருந்தது. மாலையை பானெட்டின் நடுவில் வைத்து, டேப்பைச் சர்ரென்று நீளமாக இழுத்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, குறுக்கே ஒன்று என்று ஒட்டினார். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தும் விட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். குமணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவரும் நானும் முன்னால், அவர்கள் மூன்று பேரும் பின்னால் என்று நித்தியாவே இடம் பிரித்தாள். கார் செம்பனைக்கு நடுவே மண்பாதையில் இறங்கியது. தாஷினி தேம்பித் தேம்பித் தூங்கிப்போனாள். என் கண் பானெட்டை விட்டு நகரவில்லை. வெயிலில் டேப் இறுகி ஒட்டிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

பின்னால் கேட்காதபடி இவர் பக்கம் சாய்ந்து கேட்டேன். "உரிக்கும்போது பெயிண்ட்டும் சேந்து வந்துருமேங்க?"

"உரிச்சாத்தானே" என்றார்.